பதினான்கு டெலிபோன் இருந்த ஆபீஸ்

இண்டர்நெட்டைக் கட்டியவர்கள் மகா புத்திசாலிகள் என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மொன்டானாவின் கிழக்குக் கோடியில், பிட்டர் ஸ்பிரிங் என்ற ஊரில், ஒரு கூட்டுறவு டெலிபோன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். என் பெயர் லியோனா ஷாட்ஸ். எங்கள் ஊரில் இண்டர்நெட் வேலை செய்தால் அது யாருக்கும் தெரியாது. வேலை செய்யாவிட்டால் மளிகைக் கடையில் பால் வாங்கும்போதுகூட என்னைத்தான் பிடித்துக் கேட்பார்கள்.

புத்திசாலித்தனம் என்னவென்று சொல்கிறேன். உலகத்தில் எழுபதாயிரத்துக்கும் மேலான நெட்வொர்க்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பக்கத்து நெட்வொர்க்கிடம், "இந்த முகவரிகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, அவற்றுக்கு வருவதை என் பக்கம் தள்ளு" என்று சொல்லும். பக்கத்துக்காரன் அதை அவனுடைய பக்கத்துக்காரனிடம் சொல்வான். ஒன்றிரண்டு நிமிஷத்தில் உலகம் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த முகவரி உனக்கு ஏது, அத்தாட்சி காட்டு என்று கேட்க இப்போது ஒரு முறை வந்திருக்கிறது. நாங்கள் அதில் சேரவில்லை. சேருவதற்கான ஒப்பந்தத்தை எங்கள் மேனேஜர் வெர்னன் ஹாக்லண்ட் வக்கீலுக்கு அனுப்பி மூன்று வருஷம் ஆகிறது. வக்கீல் படித்துக்கொண்டே இருக்கிறார்.

இன்னொரு விதியும் உண்டு. ஒருவன் ஊர்ப் பெயரைச் சொல்லி, இன்னொருவன் தெருப் பெயரைச் சொன்னால், நெட்வொர்க்குகள் தெருப் பெயர் சொன்னவனைத்தான் நம்பும். அவன் பொய் சொன்னாலும் சரி.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாளே பனிப்புயல் ஆரம்பித்து, நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு லைல் பென்னர் உள்ளே வந்தான். எங்கள் லைன்மேன். கம்பத்தில் ஏறுவதும், பள்ளத்தில் இறங்குவதும், உறைந்த மண்ணைத் தோண்டிக் கேபிள் தேடுவதும் அவன் வேலை. அன்றைக்குக் கம்பளிக் கோட்டுக்குள் வெள்ளைச் சட்டையும் டையும் போட்டிருந்தான். அவனை டையோடு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இது நேரா இருக்கா, லியோனா?"

"ஜட்ஜ் உன் டையைப் பாத்தா தீர்ப்பு சொல்லப் போறாரு? வாயைத் தொறந்து ஒழுங்காப் பேசு. எங்கிட்ட முணுமுணுக்கற மாதிரி முணுமுணுக்காத."

"வாயே காஞ்சு கெடக்கு."

அவன் மகள் மாரெனுக்கு எட்டு வயது. அவனை விட்டுப் பிரிந்த மனைவி கோரின் பீனிக்ஸில் வேலை தேடிக்கொண்டு, மகளையும் அங்கே கூட்டிப்போக அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தாள். பத்து மணிக்கு விசாரணை. நீதிமன்றம் நூற்று எழுபது மைல் தள்ளி இருந்தது. சாலை மூடியிருந்ததால் வீடியோவில் வரலாம் என்று நீதிபதி சொல்லியிருந்தார். லைலுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை, அவனே பேச வேண்டும். அவன் வீட்டுக்குப் போகிற லைன் புயலில் அறுந்துவிட்டது. அதைச் சரி பண்ண வேண்டியவனும் அவன்தான். ஆகவே மாவட்டத்திலேயே நல்ல இணைப்பு உள்ள இடத்துக்கு, எங்கள் ஆபீசுக்கு, வந்திருந்தான்.

கூட்ட அறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். மஞ்சள் தாளில் எழுதி வைத்திருந்ததை எனக்குப் படித்துக் காட்டினான். மாரெனின் டீச்சர் பெயர், பல் டாக்டரிடம் போன தேதிகள், எந்தக் கிழமை யார் வீட்டில் தூங்குகிறாள், வேர்க்கடலை சாப்பிட்டால் அவளுக்கு என்ன ஆகும்.

"இதெல்லாம் கேப்பாங்களா?" என்றான்.

"கேக்கலன்னாலும் சொல்லு. நீ அப்பன்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

ஒன்பது நாற்பதுக்கு முதல் அழைப்பு வந்தது. அடுத்த இரண்டு நிமிஷத்தில் முன்னறையில் எல்லா டெலிபோனும் சேர்ந்து அடித்தன. வங்கி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எல்லாரும் இண்டர்நெட் போச்சு என்றார்கள். கேபிள் அறுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. கண்ணாடி இழைக் கேபிளில் வெளிச்சம் இருந்தது. எங்கள் இயந்திரங்கள் எல்லாம் உயிரோடு இருந்தன. எங்களிடமிருந்து போவது போய்க்கொண்டிருந்தது. பதில்தான் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

என் கைபேசியில் வேறொரு கம்பெனியின் சிக்னல் ஒரு கோடு இருந்தது. வீடியோவுக்கு அது பத்தாது, எழுத்து மட்டும் மெதுவாக வரும். அதில் வெளி உலகம் எங்களை எங்கே தேடுகிறது என்று பார்த்தேன். எங்களுக்குச் சொந்தமானவை ஆயிரத்து இருபத்துநான்கு முகவரிகள். நாங்கள் அவற்றை ஒரே தொகுதியாகத்தான் அறிவித்திருந்தோம். டென்வரில் ஒரு பெரிய கம்பெனி அதே முகவரிகளை நான்கு துண்டாக வெட்டி, நான்கும் தன்னுடையவை என்று அறிவித்துக்கொண்டிருந்தது. சின்னத் துண்டு என்றால் தெருப் பெயர் மாதிரி, அதைச் சொன்னவனை உலகமே நம்பிவிட்டது. எங்கள் மாவட்டத்துக்கு வர வேண்டியதெல்லாம் டென்வருக்குப் போய் அங்கே குப்பையில் விழுந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். லைல் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. டென்வர்ல ஒரு முட்டாப்பய நம்ம அட்ரஸ எல்லாம் அவனுதுன்னு சொல்லிட்டுத் திரியறான். போய் உக்காரு."

நானும் முகவரிகளை அதே நான்கு துண்டாக வெட்டி அறிவித்தேன். அதைவிடச் சின்னதாக வெட்டினால் பெரிய நெட்வொர்க்குகள் ஏற்றுக்கொள்ளாது. ஆக இரண்டு பேரும் ஒரே அளவில் கத்தினோம். அப்படி ஆனால் எவன் கிட்டத்தில் இருக்கிறானோ அவன் பக்கம் போவார்கள். பாதி உலகம் எங்களிடம் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நன்றி சொன்னார்கள். லைலின் திரையில் தட்பவெப்பச் செய்தி திறந்தது, அவன் முகம் மலர்ந்தது. கோர்ட் அனுப்பியிருந்த வீடியோ இணைப்பை அழுத்தினான். நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோர்ட்டுக்கு இண்டர்நெட் கொடுப்பவன் டென்வர்காரனிடம் வாங்குகிறவன். அவனுக்கு டென்வர்தான் கிட்டத்தில் இருந்தது.

ஒன்பது ஐம்பத்துமூன்றுக்கு லைல் என் மேஜைக்கு வந்து நின்றான். நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் பிறகு அதை நான் சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருந்தது.

"நான் வேணா கோர்ட்டு கிளார்க்குக்குப் போன் போட்டுச் சொல்லிடட்டுமா?"

"என்னன்னு சொல்லுவ? டெலிபோன் கம்பெனில வேல பாக்கறேன், இண்டர்நெட் வரலன்னா? அந்தச் சாக்க அந்த ஜட்ஜ் தெனமும் நாலு தடவ கேட்டுக்கிட்டிருப்பாரு. சிரிப்பாங்க. பத்தே நிமிஷம் இரு, நான் சரி பண்ணிடறேன்."

"இல்ல, சும்மா ஒரு போன்தான..."

"லைல். உக்காருன்னேன்ல."

போய் உட்கார்ந்தான்.

டென்வர் கம்பெனிக்கு டெலிபோன் செய்தேன். எண்களை அழுத்து, மறுபடி அழுத்து என்று ஐந்து நிமிஷம் போனது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

"உங்க வாடிக்கையாளர் எண் சொல்லுங்க, மேடம்."

"நான் உங்க வாடிக்கையாளர் இல்ல. எங்க முகவரிய நீங்க அறிவிச்சிட்டிருக்கீங்க. அத நிறுத்தணும்."

"சரிங்க மேடம், உதவி பண்றேன். வாடிக்கையாளர் எண்?"

"எண்ணே கெடயாதும்மா. ஒருத்தன் என் வீட்டுக்குள்ள புகுந்துட்டான்னு நான் சொல்றேன், நீ எங்கிட்ட ரசீது கேக்கற."

"புரியுதுங்க. மோடத்த ஒரு தடவ அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவளுடைய மேலதிகாரி வந்தார். அவரும் எண் கேட்டார். எண் இல்லாமல் புகார் பதிய முடியாது, புகார் பதியாமல் இன்ஜினியரிடம் பேச முடியாது என்றார். மூன்று தடவை என்னைக் காத்திருக்கச் சொன்னார். மூன்று தடவையும் அதே பாட்டு. நானும் விடவில்லை. அவர் பெயர், அவருடைய மேலதிகாரி பெயர், கம்பெனித் தலைவர் பெயர் எல்லாம் கேட்டு எழுதினேன். உங்களை நாறடிக்காமல் விடமாட்டேன் என்றேன். இதற்கிடையில் நெட்வொர்க் இன்ஜினியர்கள் பேசிக்கொள்ளும் குழுவில் கைபேசியிலேயே எழுதிப் போட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் டென்வர் இன்ஜினியரின் நேரடி எண்ணைக் கொடுத்தான்.

மணி பத்து இருபத்தேழு. எடுத்தவர் பெயர் விட்லாக். நிதானமான குரல். நான் கத்தி முடிக்கும்வரை குறுக்கே பேசவே இல்லை.

"மேடம், நேத்து ராத்திரி செய்ய வேண்டிய வேலை புயலால தள்ளிப்போச்சு. இன்னைக்குக் காலைல பழைய மெஷின்ல இருந்தத எல்லாம் அப்படியே புதுசுக்கு மாத்தினோம். அதுல உங்க முகவரியும் இருந்திருக்கு."

"எங்க முகவரி உங்க மெஷின்ல எப்படிய்யா வந்துச்சு? யாரைக் கேட்டு வெச்சீங்க?"

அவர் எதையோ திறக்கும் சத்தம் கேட்டது.

"உங்களக் கேட்டுத்தான் மேடம். அனுமதிக் கடிதம் இருக்கு. உங்க கம்பெனித் தாள்ல. உங்க முகவரிகள நாங்க அறிவிக்கலாம்னு எழுதியிருக்கு. முடியற தேதி போடல. கையெழுத்து, லியோனா ஷாட்ஸ்."

அந்தக் கடிதம் எனக்கு நினைவு வந்தது.

ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு கான்ட்ராக்டர் எங்கள் கேபிளைத் தோண்டி அறுத்துவிட்டான். மூன்று வாரத்துக்கு டென்வர்காரனிடம் தற்காலிக இணைப்பு எடுத்தோம். அதற்கு ஒரு அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன். இணைப்பை விட்டதும் லைனை அணைத்தார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் ஆரம்பிக்கக் கடிதம் கேட்பார்கள், முடிக்க யாரும் கேட்பதில்லை, யாரும் எழுதுவதும் இல்லை. நானும் எழுதவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம்தான் அனுமதி முடிந்தது என்று எழுதினேன், இரண்டே வரி.

விட்லாக் அந்த அறிவிப்பை எடுத்துவிட்டார். லைலின் திரையில் வட்டம் நின்றது. விசாரணை முடிந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது.

அப்போதுதான் அவன் டெலிபோனை எடுத்தான். நான் தடுக்கவில்லை. கிளார்க் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நின்றான். "சரிங்க" என்றான். மறுபடியும் "சரிங்க" என்றான். நீதிபதி பத்தேகால் மணி வரை பார்த்திருக்கிறார். லைல் வரவில்லை, தகவலும் சொல்லவில்லை என்று பதிவு செய்து, கோரின் கேட்டபடியே உத்தரவு போட்டுவிட்டார்.

அவன் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்தான்.

"நான் கேட்டேன்" என்றான்.

"கேட்ட."

"நான் கம்பத்து மேல இருக்கும்போது, பக்கத்துல போற கரண்ட் கம்பி செத்துக் கெடக்குன்னு நீ கீழேந்து சொன்னா, நான் கையை வெப்பேன். சோதிச்சுப் பாக்க மாட்டேன். அந்த மாதிரிதான் உக்காந்தேன்."

வெளியே போய் வண்டியை எடுத்துக்கொண்டு அறுந்த லைனைச் சரி பண்ணப் போய்விட்டான்.

உத்தரவை ரத்து செய்ய மனுப் போடலாம் என்று கிளார்க் சொல்லியிருந்தாள். கம்பெனி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். வெர்னன் எழுதினார்: வெளி நிறுவனம் ஒன்றின் பிழையால் இணைப்பு தடைப்பட்டது, அதற்கும் எங்கள் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. அனுமதிக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். டென்வர்காரன் மேல் இருந்த ஆத்திரத்தில் அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன் என்பதுதான் சரி.

கோரினின் வக்கீல் பதில் அனுப்பினாள். ஒரே பக்கம். பிட்டர் ஸ்பிரிங்கில் அன்று டெலிபோன் சேவை ஒழுங்காக இருந்தது என்று கம்பெனியின் பதிவிலேயே இருக்கிறது. அந்த ஆபீசில் பதினான்கு டெலிபோன்கள் உண்டு. டெலிபோன் கம்பெனியில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனார் முப்பத்தைந்து நிமிஷம் ஏன் ஒரு டெலிபோனைத் தொடவில்லை? அவருக்கு மகள்மேல் உள்ள அக்கறை அவ்வளவுதானா?

அதைப் படித்துவிட்டு நேராக வெர்னனிடம் போனேன். அவர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"நான் நேர்ல போய்ச் சொல்லிடறேன். போன் பண்ண விடாதது நான்."

"அவசரப்படாத. நீ போய் ஒண்ணு சொன்னா அந்தக் கடிதம் வெளிய வரும். ஆஸ்பத்திரிக்காரன், வங்கிக்காரன் எல்லாம் நம்ம மேல பாய்வான். லைலே சொல்லட்டுமே, பதட்டத்துல போன் பண்ணத் தோணலன்னு. மனுஷன்தான, ஜட்ஜுக்குப் புரியாதா?"

"அவனுக்குத் தோணுச்சு வெர்னன். எங்கிட்ட வந்து கேட்டான்."

"உன்னைத் தவிர யாருக்குத் தெரியும் அது?"

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சாண்ட்விச்சைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருப்பேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை, அவர் சொல்வதற்கு முன்னாலேயே, முந்தின ராத்திரி படுக்கையில் நானே யோசித்துப் பார்த்திருந்தேன். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

"எனக்குத் தெரியும்ல" என்றேன். "உங்களுக்கும் இப்போ தெரியும்."

மார்ச் கடைசியில் விசாரணை. லைலும் நானும் என் வண்டியில் போனோம். அவன் வண்டியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, இல்லாவிட்டால் என்னோடு வந்திருக்க மாட்டான். கோரினின் வக்கீல் மரியாதையான மனுஷி. பதினான்கு டெலிபோன் கேள்வியை அவள் என்னிடம் கேட்டாள்.

"அவர் கேட்டாருங்க. ஒம்போது அம்பத்துமூணுக்கு. கிளார்க்குக்குப் போன் பண்ணட்டுமான்னு. நான்தான் வேண்டாம், உக்காருன்னு சொன்னேன்."

அனுமதிக் கடிதத்தையும் சொன்னேன். முன்னே நான் கையெழுத்துப் போட்ட கடிதம் பாதிதான் உண்மை என்பதையும் சொன்னேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"அவரை ஏன் தடுத்தீங்க?"

மழுப்ப நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம்.

"கோபம், யுவர் ஆனர். டென்வர்காரனை ஜெயிக்கணும்னு இருந்துச்சு. இன்னொரு வழியா போய்ட்டா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. வேலையே எனக்கு அதுதான், ஒரு வழி அடைச்சா இன்னொரு வழியில அனுப்பறது. அத அன்னைக்கு நான் செய்யல. இவருக்குக் கோர்ட்டு இருக்குங்கறதே கொஞ்ச நேரம் எனக்கு மறந்துபோச்சு."

லைல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதிபதி பழைய உத்தரவை ரத்து செய்தார். ஜூன் மாதத்தில் முழு விசாரணை, லைல் தன் தரப்பைச் சொல்லலாம் என்றார். அதற்குள் குழந்தை பீனிக்ஸில் பள்ளியில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நடுவில் பிடுங்கி வர முடியாது, பள்ளி வருஷம் முடியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றார். ஜூனில் விசாரிக்கும்போது குழந்தை எங்கே பழகிவிட்டாள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும் என்று கோரினின் வக்கீல் எழுந்து சொன்னாள். அது சட்டப்படி சரி என்றார் நீதிபதி.

வண்டியில் திரும்பினோம். சாலையோரம் பனி பாதி உருகிக் கருத்துக் கிடந்தது. நான் கோரினின் வக்கீலைத் திட்டினேன், வெர்னனைத் திட்டினேன், டென்வரைத் திட்டினேன். லைல் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நிறுத்தியதும் கேட்டான்.

"அன்னைக்கு அந்த டென்வர்காரன் அத எடுத்தான்ல, லியோனா. எடுத்ததுக்கப்புறம் எல்லாம் நம்மகிட்ட திரும்பி வர எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம்."

"எல்லாமே?"

"எல்லாமே."

தலையாட்டினான். வீட்டு வாசலில் அவனை இறக்கிவிட்டேன். சரி பண்ணிடறேன் என்று இந்தத் தடவை நான் அவனிடம் சொல்லவில்லை.